அப்பாவுக்கு, பர்னபியிலிருந்து

பர்னபி,
பிரிட்டிஷ் கொலம்பியா, கனடா.
14.1.2025, பொங்கல்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள், அம்மா, அண்ணன், அண்ணி, குட்டிப் பையன் எல்லோரும் நலம்தானே? பொங்கல் பொங்கியாச்சா? இங்கே குக்கரில் வைத்தேன், விசில்தான் வந்தது.

முந்தாநாள் போனில் நான் "சக்கரம் உடைந்தது" என்று சொன்னதை நீங்கள் "கை உடைந்தது" என்று கேட்டுக்கொண்டு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம். அண்ணன் மெசேஜ் போட்டான். கை, கால், கழுத்து எல்லாம் போட்டது போட்டபடி இருக்கிறது. சைக்கிள் ஃபேக்டரி பிரஸ் ஷாப் சத்தத்தில் உங்கள் காது போனதற்குக் கம்பெனி மெஷின் வாங்கிக் கொடுத்தும் நீங்கள் அதைப் பீரோவில் வைத்திருக்கிறீர்கள். நடுவில் அம்மா நின்று சொல்கிறேன் என்று தன் பங்குக்கு நாலு வார்த்தை சேர்க்கிறாள். அதனால்தான் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நீங்கள் கேட்டது எனக்குச் சரியாகவே கேட்டது. "வாரம் பூரா சைக்கிளோடு மல்லுக்கட்டுற, லீவு நாளிலும் அதைத் தூக்கிட்டு மழையில மலை ஏறுறியே, அப்படி என்னதான் இருக்கு அங்க?" அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது, இந்த வேலை நிலைக்குமா என்று. இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் வேலை. இந்தச் சைக்கிள் கம்பெனியில் என் மேசைக்கு வருவதெல்லாம் உடைந்த சாமான்தான். நாங்கள் விற்ற சக்கரம், ஹப், கிராங்க், ஹேண்டில் பார் எது உடைந்தாலும் வாரண்டி கேட்டுக் கடைக்காரர்கள் பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். உள்ளே ஒரு சீட்டு இருக்கும். அதில் அநேகமாக ஒரே வாசகம்: "சும்மா ஓட்டிக்கொண்டு போனேன், உடைந்துவிட்டது." சைக்கிள் தொழிலில் இது பழைய ஜோக். சீட்டை ஓரமாக வைத்துவிட்டு, லென்ஸை எடுத்து முறிந்த இடத்தைப் பார்ப்பேன். அலுமினியம் ஒரே அடியில் முறிந்திருந்தால் முறிவு முழுக்கச் சொரசொரப்பாக இருக்கும். நாள்பட்ட விரிசல் என்றால் ஒரு ஓரம் வழவழவென்று இருக்கும், அதில் வளைவு வளைவாகக் கோடுகள் தெரியும், மிச்சம்தான் சொரசொரப்பு. அந்தக் கோடுகள் எந்தப் புள்ளியைச் சுற்றி வளைகின்றனவோ அங்கேதான் விரிசல் பிறந்திருக்கிறது. அங்கே துளையில் பிசிறு எடுக்காமல் விட்டிருந்தால் தப்பு எங்கள் பேரில். பாறையில் மோதின தழும்பு இருந்தால் வாடிக்கையாளர் பேரில். அதை அவருக்கு நோகாமல் எழுத வேண்டும், அதுதான் சிரமமான வேலை.

பக்கத்து அறையில் ஃபிரேமைப் பூட்டி இரண்டு பெடலையும் மாற்றி மாற்றி அமுக்குகிற மெஷின் ஒன்று உண்டு. ஐ.எஸ்.ஓ. 4210 என்கிற சைக்கிள் பாதுகாப்பு விதிப்படி ஒரு லட்சம் தடவை அமுக்கினாலும் விரிசல் விடக்கூடாது. மெஷின் பாவம், தாளம் தப்பாமல் அமுக்கும். மலை அப்படி அமுக்காது. நான் ஓட்டப் போகாமல் மேசையிலேயே உட்கார்ந்திருந்தால், பெட்டியில் வருகிற உடைசலில் பாதி எனக்குப் புரியாது.

உங்களுக்குப் பிடிக்கிற கணக்கு ஒன்று. இங்கே மலை சைக்கிள் சக்கரத்தை 29 இஞ்ச் என்கிறார்கள். பெரிய கண்டுபிடிப்பு மாதிரி விளம்பரம் செய்தார்கள். அதன் ரிம் விட்டம், டயர் உட்காருகிற இடத்தில், 622 மில்லிமீட்டர். நீங்கள் கோட்டம் எடுத்த ரிம், நம்ம ஊர் சாதா சைக்கிளான 28 இஞ்ச் ரோட்ஸ்டருடையது, 635. உங்களுடையதுதான் பெரிசு! டயர் தடிமனாக இருப்பதால் மொத்தத்தில் 29 என்று கணக்குக் காட்டுகிறார்கள். இதை ஆபீஸில் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை, அளந்து காட்டினேன். இன்னொன்று, டயருக்குள் ட்யூபே கிடையாது. ரப்பர் பால் கலந்த ஒரு திரவத்தை ஊற்றி ஓட்டுகிறோம். முள் குத்தினால் அதுவே போய் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். பஞ்சர் கடை வைத்தால் இங்கே பிழைக்க முடியாது.

இனி தொழில் நிலவரம். மூடி மறைக்கப் போவதில்லை. 2020 இல் ஊரடங்கு வந்ததும் உலகம் பூரா ஜனங்கள் சைக்கிள் வாங்க ஓடினார்கள். கடைகள் காலி. பாகங்களுக்கு ஆர்டர் போட்டால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. பயத்தில் எல்லோரும் தேவைக்கு மேல் ஆர்டர் போட்டார்கள். சரக்கு வந்து இறங்குகிற நேரத்தில் ஜனங்கள் வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்கள். 2022 இல் தேங்க ஆரம்பித்த சரக்கு இன்னும் கிடங்குகளில் கிடக்கிறது, பாதி விலைக்குத் தள்ளுகிறார்கள். போன மாசம் ராக்கி மவுண்டன் சைக்கிள் கம்பெனி, 1981 இல் வான்கூவரில் ஆரம்பித்தது, கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்பு கேட்டுக் கோர்ட்டுக்குப் போனது. மூடவில்லை, ஆனாலும் அந்தச் செய்தி வந்த அன்று, சென்னையில் பின்னி துணி மில் மூடினபோது உங்கள் ஷிப்டு ஆட்கள் எப்படி இருந்தார்கள் என்று சொல்வீர்களே, அந்த முகத்தோடுதான் எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். போதாக்குறைக்கு, அடுத்த வாரம் பதவியேற்கிற அமெரிக்க அதிபர் கனடா சரக்குக்கு 25 சதவீதம் வரி போடுவேன் என்கிறார். எங்கள் சக்கரங்கள் பெரும்பாலும் அந்த எல்லையைத் தாண்டித்தான் போகின்றன.

எங்களோடு தைவான் நாட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார், தைச்சுங் ஊர். அவர் அப்பாவும் உங்களைப் போல ஆயுசு முழுக்கச் சைக்கிள் ஃபேக்டரி, ஃபிரேம் வெல்டிங். உங்களிடம் ஒரு கதை சொல்லச் சொன்னார். அமெரிக்காவில் ஷ்வின் என்று பெரிய கம்பெனி, சிகாகோவில் ஃபேக்டரி. 1980 கடைசியில் தொழிலாளர்கள் ஸ்டிரைக் செய்தார்கள், மாதக்கணக்கில் நீண்டது. கம்பெனி என்ன செய்தது தெரியுமா? 1972 இல் ஆரம்பித்த ஜயன்ட் என்கிற தைவான் கம்பெனிக்கு ஆர்டரை மாற்றிவிட்டது. சிகாகோ ஃபேக்டரியை 1983 இல் மூடினார்கள். ஜயன்ட் வளர்ந்து இன்று உலகத்திலேயே பெரிய சைக்கிள் கம்பெனிகளில் ஒன்று. "எங்கள் ஊர் சாப்பிட்டது சிகாகோக்காரன் சோறு" என்று அவரே சொல்லுகிறார். நீங்கள் சங்கத்தில் இருந்தவர், இதற்கு ஒரு பதில் வைத்திருப்பீர்கள்.

சரி, மலைக்கு வருகிறேன். வான்கூவருக்கு வடக்கே கடல் கொஞ்சம் உள்ளே புகுந்திருக்கிறது. அந்தத் தண்ணீரைத் தாண்டினால் மூன்று மலை: சைப்ரஸ், ஃப்ரோம், சீமோர். பர்னபியிலிருந்து போகிற பாலம் கட்டும்போதே 1958 இல் இடிந்து விழுந்து தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். 1994 இல் அந்த இரும்பு வேலைக்காரர்கள் நினைவாகவே பாலத்துக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். மந்திரி பெயர் இல்லை. அதைத் தாண்டும்போதெல்லாம் உங்கள் ஞாபகம் வரும்.

சனிக்கிழமை ஓட்டவில்லை, மண் சுமந்தோம். இந்த மலைகளில் சைக்கிள் பாதை நூற்றுக்கும் மேலே. டிக்கெட் கிடையாது. பராமரிப்பது நார்த் ஷோர் மலை சைக்கிள் சங்கம், 1997 இல் தொடங்கியது. பாதையை வெட்டுவதும் செப்பனிடுவதும் பெரும்பாலும் ஓட்டுகிறவர்களே. வருஷம் முழுக்க ஓட்டிவிட்டு ஒரு நாளாவது மண்வெட்டி பிடிக்காதவனை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்.

மழை தூறிக்கொண்டே இருந்தது. நம்ம சென்னையில் வருஷம் 1,400 மில்லிமீட்டர் சொச்சம் பெய்தாலே தெருவில் படகு விடுகிறோம். இந்த மலைச்சரிவில் 2,000 க்கு மேல், அதுவும் குளிர்காலத்தில்தான் அதிகம். காட்டின் மேல்மண் கறுப்பாக மெத்தென்று இருக்கும், எல்லாம் மக்கின இலையும் வேரும். அதன்மேல் நாலு சக்கரம் போனால் சேறாகிவிடும். அதனால் பாதைக்குத் தள்ளி, பெரிய வேர் இல்லாத இடமாகப் பார்த்துக் குழி தோண்டுகிறார்கள். கறுப்பு மண்ணுக்குக் கீழே செம்பழுப்பாக, பொடிக்கல் கலந்து ஒரு மண் வருகிறது. நனைத்து இடித்தால் கெட்டித்துப்போகும். அதற்கு இங்கே தங்கம் என்று செல்லப்பெயர். அதை வாளியில் அள்ளி, ஆளுக்கு இரண்டு வாளியாகத் தூக்கிக்கொண்டு போய்ப் பாதையில் கொட்டி இடித்தோம். ஒரு வளைவில் பாறைத் துண்டுகளைக் குத்துக்கல்லாக நட்டுத் தளம் போட்டார்கள். படுக்கவைத்த கல் ஆடும், நட்டுவைத்த கல் ஆடாது.

தண்ணீரை எப்படி வெளியே தள்ளுகிறார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பாடம். இறக்கத்தில் பாதையோடு தண்ணீரை ஓடவிட்டால் பாதையையே அரித்துக்கொண்டு போகும். அதனால் கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை பாதை லேசாக இறங்கி மறுபடி ஏறுகிற மாதிரி வெட்டி, அந்தத் தாழ்வில் தண்ணீரைச் சரிவுப் பக்கம் திருப்பிவிடுகிறார்கள். நம்ம தெருவில் ரோடு போட்ட கான்ட்ராக்டரை ஒரு நாள் இங்கே கூட்டிவந்து வாளி தூக்கவிடணும்.

நாங்கள் வேலை செய்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு செடார் மரத்தின் அடிக்கட்டை, நாலு பேர் கைகோத்தாலும் பிடிக்காது. தரையிலிருந்து ஆள் உயரத்தில் இரண்டு பக்கமும் வாய் மாதிரி வெட்டு. அந்தக் காலத்தில் மரம் வெட்டினவர்கள் அதில் பலகை செருகி, அதன்மேல் நின்று ரம்பம் இழுத்திருக்கிறார்கள். இப்போது அதன் உச்சியில் வேறொரு மரம் முளைத்து நிற்கிறது. பிற்பாடு, மலை சைக்கிள் வந்த காலத்தில், விழுந்து கிடந்த செடாரைப் பிளந்து சேற்றுக்கு மேலே பாலம் கட்டினார்கள். அப்படிக் கட்டினவர்களில் டாட் ஃபியான்டர் என்பவர் பேரை எல்லோரும் சொல்வார்கள். பிறகு அந்தப் பாலங்கள் உயரமாகி, ஒரு சாண் அகலத்துக்குக் குறுகி, வித்தை காட்டுகிற இடமாகவே ஆகிவிட்டன. பழையது நிறைய உளுத்துப்போய் எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை.

ஞாயிற்றுக்கிழமை சீமோர். நாங்கள் நாலு பேர்: தைச்சுங்காரர், சிலி நாட்டிலிருந்து வந்த நர்ஸ் ஒருத்தி, பஸ் ஓட்டுகிற யாழ்ப்பாணத்துத் தம்பி, நான். எட்டு மணிக்குத்தான் விடிகிறது, சாயந்திரம் ஐந்துக்குள் இருட்டு. ஒன்பதரைக்கு அடிவாரத்தில் கூடினோம். மழை விட்டிருந்தது, மூடுபனி மட்டும். ஓல்ட் பக் என்கிற பழைய மரம் இழுத்த பாதை வழியாக ஏறினோம். ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே மிதிக்கிற ஏற்றம். பின்சக்கரத்தில் 12 பல்சக்கரம், பெரியது 52 பல். முன்னால் ஒன்றே ஒன்று. அந்தப் பெரிய பல்லில் போட்டால் கிட்டத்தட்ட நடக்கிற வேகம்தான், ஆனால் எதையும் ஏறிவிடும். ஏறும்போது வேர்க்கிறது, நின்றால் அந்த வேர்வையே குளிர்கிறது. அதனால் மேலே போனதும் உள்சட்டையை மாற்றுவோம், அப்புறம் காய்ந்த கையுறை. காய்ந்த கையுறை இல்லாமல் ஜனவரியில் யாரும் இங்கே வரக்கூடாது, பிரேக் பிடிக்க விரல் மடங்காது.

இறங்குகிற பாதைக்குக் குறி போட்டிருப்பார்கள். பச்சை வட்டம் சுலபம், நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கஷ்டம், இரட்டை வைரம் என்றால் வீட்டில் சொல்லிவிட்டு வரவேண்டியது. இரட்டை வைரத்தில் நான் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவேன். அம்மாவுக்கு இந்த வரியை மட்டும் இரண்டு தடவை படித்துக் காட்டுங்கள். மற்றதில் ஓட்டுகிறேன். நனைந்த வேர்தான் எதிரி. அதை நேர்குறுக்காகத் தாண்ட வேண்டும், அதன்மேல் இருக்கும்போது பிரேக்கைத் தொடவே கூடாது. வேருக்கு முன்னாலேயே பிடித்து முடித்துவிட வேண்டும். சக்கரத்தைப் பார்க்காமல், போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். இது ஆரம்பத்தில் உடம்புக்குப் புரியாது. புரிந்த பிறகு, முன் ஃபோர்க் 160 மில்லிமீட்டர் அமுங்கி எழும்பி, சைக்கிள் தன் வேலையைப் பார்த்துக்கொள்கிறது, நான் என் வேலையைப் பார்க்கிறேன். அப்போது ஆபீஸ், வரி, விசா எதுவும் தலையில் இருக்காது. நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதிலில் பாதி.

நடுவழியில் பின்னாலிருந்து தம்பியின் குரல்: "அக்கா, பின் சில்லு ஆடுது, ஒருக்காப் பாருங்கோ." ஒரு கம்பி முறிந்து தொங்கிக்கொண்டிருந்தது. டிஸ்க் பிரேக் என்பதால் ரிம் ஆடினாலும் பிரேக்குக்கு ஒன்றுமில்லை. ஆனால் டயர் ஃபிரேமில் உரசிக்கொண்டிருந்தது. போனில் நான் சொன்ன "உடைந்த சக்கரம்" இவ்வளவுதான். முறிந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிக் கட்டினேன். முறிந்தது வலது பக்கம், அதனால் ரிம்மை இடது பக்கம் இழுத்துப் போயிருந்தது. முறிந்ததற்கு இரண்டு பக்கமும் இருந்த இடது கம்பிகளை அரை அரைத் திருப்பு தளர்த்தினதும் டயர் ஃபிரேமை விட்டது. அப்புறம் விரலால் ஒவ்வொரு கம்பியாகச் சுண்டிப் பார்த்தேன். நிறையக் கம்பி டொக்கென்றது. ஆபீஸில் இதற்கு மீட்டர் இருக்கிறது, வலது பக்கம் 110, 120 கிலோ இழுவிசை இருக்க வேண்டும். தம்பி ஆன்லைனில் சல்லிசாக வாங்கின சக்கரம், பாதிகூட இருந்திருக்காது. முறிந்த கம்பியை வாங்கிக்கொண்டு வந்து நேற்று லென்ஸில் பார்த்தேன். முழங்கை மாதிரி வளைகிற இடத்தில் நாள்பட்ட விரிசல், அழகாகக் கோடு கோடாக. "இறுக்கின கம்பி முறியாது, தொளதொளன்னு விட்ட கம்பிதான் முறியும்" என்று நீங்கள் அடிக்கடி சொல்வீர்கள். சின்ன வயதில் எனக்கு அது தலைகீழாகப் பட்டது. சிலிக்காரிக்கும் அப்படித்தான் பட்டது, அங்கேயே சேற்றில் நின்று விளக்கிச் சொன்னேன். அவள் நர்ஸ். லூசாக இருப்பது ஒவ்வொரு சுற்றுக்கும் ஆடி ஆடித்தான் தேய்கிறது என்று சொன்னதும் மூட்டுவலிக்காரர்களை வைத்துப் புரிந்துகொண்டாள்.

கீழே வந்து சைக்கிளைக் கழுவினோம். இங்கே மண்ணில் கருங்கல் பொடி, ஒரு மழை நாள் ஓட்டத்தில் மெத்தென்ற பிரேக் கட்டை தேய்ந்து தகடு தெரிந்துவிடும். குளிர்காலத்துக்கு உலோகம் கலந்த கட்டைதான் தாங்கும். ஹைபிரஷர் பைப்பை பேரிங் பக்கம் காட்டக்கூடாது, கிரீஸை அடித்துக்கொண்டு போய்விடும். அதற்கப்புறம் காபி, தம்பி வீட்டிலிருந்து கொண்டுவந்த மாலு பணிஸ், அதாவது மீன் வைத்த பன். ஷூவுக்குள் பேப்பர் திணித்து ஹீட்டர் பக்கம் வைத்தேன், இன்னும் காயவில்லை.

இப்போது விஷயம். பிப்ரவரியிலிருந்து எங்களுக்கு வாரத்தில் நாலு நாள்தான் வேலை. ஆள் குறைப்பதற்குப் பதிலாக எல்லோருடைய நேரத்தையும் குறைத்திருக்கிறார்கள். குறைகிற நாளுக்கு அரசாங்கத்தின் வேலை இன்சூரன்ஸிலிருந்து ஒரு பங்கு வரும், முழுதும் வராது. வீட்டு லோனுக்கு அனுப்புவது அப்படியே வரும், அதில் கை வைக்க மாட்டேன். ஜூலையில் வருகிறேன் என்று சொன்னதை அடுத்த தை மாசத்துக்குத் தள்ளியிருக்கிறேன். அம்மாவிடம் இதை நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும், சாப்பிட்ட பிறகு சொல்லுங்கள். அண்ணன் ஒரகடத்தில் எலக்ட்ரிக் வண்டிக் கம்பெனியில் சேர்த்துவிடுகிறேன் என்கிறான். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறான், அவனைக் கோபிக்காதீர்கள். ஆனால் நான் இப்போதைக்கு இதை விடுவதாக இல்லை. கூடக் கிடைக்கிற ஒரு நாளில், தைச்சுங்காரரும் நானும் அவர் கராஜில் சக்கரம் கட்டப்போகிறோம். சல்லிசாக வாங்கிக் கம்பி முறிகிறவர்கள் இந்த மலையில் எத்தனையோ பேர், தம்பிதான் முதல் கிராக்கி. கம்பெனியில் சொல்லி அனுமதி வாங்கிவிட்டேன்.

அதற்கு உங்கள் உதவி வேண்டும். நீங்கள் ரோட்ஸ்டர் பின்சக்கரம், 40 கம்பி, கட்டும்போது முதல் சுற்று இறுக்கம் ஃப்ரீவீல் பக்கம் முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் வருவீர்களா, இல்லை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றியா? தைச்சுங்காரர் முதலாவது என்கிறார், எனக்கு இரண்டாவதாக ஞாபகம். கோட்டம் முதலில் எடுப்பீர்களா, மேலும் கீழும் துள்ளுவதை முதலில் எடுப்பீர்களா, அதையும் எழுதுங்கள். வார்த்தையில் சொல்ல வராவிட்டால் படம் வரைந்து நம்பர் போடுங்கள், குட்டிப் பையன் போட்டோ எடுத்து அனுப்புவான். காதில் மெஷினை மாட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்